மெரந்தி வேரும் இருபத்து நான்கு தகரங்களும்

மண் ஆய்வு அறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. மெர்டேக்கா என்ற மலாயா சுதந்திரத்துக்கு இன்னும் ஐந்தாறு வருஷம் இருந்தது. வேலை கண்ணாடித் தட்டு கழுவுவது. உள்ளங்கை அகலத்தில் வட்டமான தட்டு, அதன்மேல் அதே மாதிரி ஒரு மூடி. ஒரு நாளைக்கு அறுபது, சில நாள் நூறு. முதலில் கொதிநீரில் போட்டு உள்ளே இருப்பதைச் சாகடிக்க வேண்டும். பிறகு சோடா உப்பு போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசி, துடைத்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றிச் சூட்டுப் பெட்டியில் அடுக்க வேண்டும். மாலையில் விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருக்கும்.

நாங்கள் மலாக்கா நகரத்தில், காஜா பேராங் பகுதியில், ஒரு மலாக்கா செட்டி வீட்டின் பின்கட்டில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்கார அம்மா கெபாயாவும் சாரோங்கும் உடுத்துவார், திருநீறு பூசுவார், வெள்ளிக்கிழமை கோயிலைத் தவறவிட மாட்டார். ஆனால் தமிழில் அவருக்குத் தெரிந்தது பத்துப் பதினைந்து சொற்கள்தான். மலாயில்தான் பேசிக்கொள்வோம். என் கணவர் ஆற்று முகத்தில் தொங்காங் படகுகளிலிருந்து மூட்டை இறக்குகிறவர். முதுகு போய்விட்டது. ஒரு வாரம் வேலைக்குப் போவார், மறு வாரம் பாயில் கிடப்பார். அதனால் நான் கிளம்ப வேண்டியதாயிற்று.

அரசாங்கக் கட்டடம் ஒன்றின் பின்னால், துத்தநாகக் கூரை போட்ட நீளமான கூடம்தான் அந்த அறை. வெயில் ஏறினால் உள்ளே நிற்க முடியாது. அதற்குள் அடுப்பும் ஆவிப் பானையும் வேறு. அங்கே வேலை பார்த்தது இரண்டே பேர்: நானும் ஐயாவும்.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். மனைவி இறந்துபோய்த் தனியாக இருந்தார். சிரித்து நான் பார்த்ததில்லை. முதல் மாதம் முழுக்க என்னிடம் அவர் பேசியது "கழுவினது காணாது, திரும்பக் கழுவும்" என்பது மட்டும்தான். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள் என்பதால் இளக்காரமாக நினைக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அப்படியும் இருந்திருக்கலாம்.

அவர் செய்துகொண்டிருந்த வேலை எனக்கு விளங்க வெகுநாள் ஆயிற்று. அரசாங்கத்தின் நாற்றுப் பண்ணையில் மெரந்தி என்ற காட்டு மரத்தின் கன்றுகள் மஞ்சளடித்துச் சாகின்றன, ஏன் என்று பார்க்கும்படி அவருக்கு மேலிடத்து உத்தரவு. பண்ணை மண்ணில் சாகிற அதே கன்று, காட்டிலிருந்து நாலு கை மண் அள்ளிப் போட்டால் பிழைத்துக்கொள்கிறது. அதை அவர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். மேலிடத்துக்கு அது போதும். அவருக்குத்தான் போதவில்லை.

ஒரு முறை மண் சுமக்க ஆள் இல்லாமல் என்னையும் காட்டுக்குக் கூட்டிப் போனார். ஆயர் குரோவில் அப்போது ரோட்டையொட்டி ரப்பர், ரப்பர் முடிந்தால் காடு. அவசரகாலம் என்பதால் அனுமதிச் சீட்டு வேண்டும். சோற்றுப் பொட்டலத்தை வழிச்சாவடியிலேயே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். சோறு காட்டுக்குள் போனால் அது அங்கே ஒளிந்திருந்து அரசாங்கத்தோடு சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகும் என்று சந்தேகம். அதனால் காலையில் தின்றதோடு சாயங்காலம் வரை பட்டினி. லோரி ஓட்டி வந்த மலாய்க்காரர் நோன்பு மாதம் வருஷம் முழுக்க வந்துவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார்.

ஐயா ஒரு பெரிய மெரந்தியின் அடியில் குந்தி, சருகை ஒதுக்கி, கையால் மண்ணைக் கிளறி ஒரு நுனி வேரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதில என்ன தெரியுது?"

வேரின் முனைகள் தடித்து, வெள்ளையாக ஏதோ உறை போட்டிருந்தது. உறையிலிருந்து நூல் நூலாக மண்ணுக்குள் ஓடியது. நூலாம்படையைவிட மெல்லியது.

"வெள்ளையா காலுறை போட்ட மாதிரி இருக்குங்க."

"அது பூஞ்சணம். மழை விட்ட பிறகு இதுக்குக் கீழ காளான் முளைக்குதே, அதின்ர உடம்பு இதுதான். மரத்துக்குத் தண்ணியும் உப்பும் தேடிக் குடுக்கும். மரம் அதுக்குச் சீனி குடுக்கும்." பிறகு தள்ளியிருந்த ஒரு காட்டு ரம்புத்தான் மரத்தைக் காட்டினார். "அதின்ர வேரில உறை இராது. அதிலையும் பூஞ்சணம் இருக்கு, வேருக்கு உள்ள ஒளிச்சிருக்கும். ரெண்டு மரத்துக்கும் இடையில இருபது அடி. ஒரே மழை, ஒரே வெய்யில். ஆனா மண்ணில இருக்கிற கிருமி ரெண்டு இடத்திலையும் ஒண்டுதானோ? அதுதான் எனக்குத் தெரிய வேணும்."

பாக்டீரியா என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். மண்ணில் கண்ணுக்குத் தெரியாத அவை சருகை மட்க வைக்கின்றன, மெரந்தியின் பூஞ்சண நூல்கள் அந்தச் சருகுச் சத்தை முந்திக்கொண்டு எடுத்தால் அவற்றுக்கு என்ன ஆகும் என்றார். எனக்குப் பசி. இரண்டு சாக்கு மண்ணைத் தோளில் ஏற்றிக்கொண்டு லோரிக்கு நடந்தேன்.

பிறகுதான் நான் கழுவிய தட்டுகள் எதற்கு என்று தெரிந்தது. ஒரு கரண்டி மண்ணைச் சுத்தத் தண்ணீரில் கலக்கி, அதிலிருந்து ஒரு துளியை இன்னொரு தண்ணீரில் விட்டு, இப்படியே பலமுறை நீர்க்க வைத்து, கடைசித் துளியைத் தட்டில் விட்டு அதன்மேல் அகார் என்ற கடற்பாசிக் கூழை உருக்கி ஊற்ற வேண்டும். ஆறினால் இறுகிவிடும். அலமாரியில் கவிழ்த்து வைத்தால் மூன்றாம் நாள் புள்ளி புள்ளியாக எழும். புள்ளிகளை எண்ண வேண்டும். ஒருமுறை கப்பலில் வர வேண்டிய அகார் வரவில்லை. நான் பாசாரில் பலகாரத்துக்கு விற்கும் அகார்-அகார் நாரை வாங்கி வந்தேன். வீட்டுக்கார அம்மா அந்தக் கட்டைப் பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று மலாயில் கேட்டார்.

"மண்ணுக்குள் இருக்கிற பூச்சிக்குச் சாப்பாடு" என்றேன்.

"சீனி போடுவீர்களா?"

"கொஞ்சம்."

அவர் நம்பவில்லை. வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் எங்கேயோ பலகாரக் கடை வைத்திருப்பதாகக் கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

எண்ணும் வேலையை முதலில் ஐயாதான் செய்தார். தட்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, மை தொட்ட குச்சியால் ஒவ்வொரு புள்ளிக்கும் அடையாளம் வைப்பார். ஒரு தட்டுக்குக் கால் மணி நேரம். ஒருநாள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, "பிள்ளை, நீர் எண்ணிச் சொல்லும். நான் எழுதுறன். ரெண்டையும் ஒருமிக்கச் செய்யேலாது" என்றார்.

அன்றிலிருந்து நான் எண்ணினேன். கழுவும் வேலை குறையவில்லை. அதை முடித்துவிட்டு இது.

ஒன்றரை வருஷம் எண்ணினோம். மெரந்தி மண், ரம்புத்தான் மண், மறுபடி மெரந்தி. எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை. ஒரு வாரம் இது கூடும், மறு வாரம் அது. ஐயா என் கழுவலைக் குறை சொன்னார். நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அப்போதும் அப்படித்தான். வீட்டில் என் கணவர், "மண்ணைக் கொண்டாந்து, கலக்கி, வளத்து, எண்ணி, கழுவி ஊத்துறீங்க. கடைசில என்னா?" என்று கேட்டார். நான் உரிந்த விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் தகரங்கள். மண்ணெண்ணெய்த் தகரங்கள் இருபத்து நான்கு வாங்கி, மேலும் கீழும் வெட்டி எடுத்துக் குழாய் மாதிரி ஆக்கினோம். பன்னிரண்டில் மெல்லிய ஆணியின் நுனியால் பக்கமெல்லாம் துளை போட்டோம். வேர் நுழைய முடியாது, பூஞ்சண நூல் நுழையலாம், அவ்வளவு சின்னத் துளை. மற்றப் பன்னிரண்டில் துளை இல்லை. எல்லாவற்றையும் மெரந்திகளின் அடியில் மண்ணோடு மண்ணாக அடித்து இறக்கினோம். லோரிக்காரர் சம்மட்டி பிடித்தார், நான் தகரத்தைப் பிடித்தேன். துளையில்லாத தகரத்துக்குள் நூல்கள் அறுந்து செத்துவிடும், மரத்தோடு தொடர்பு போய்விடும். அப்போது உள்ளே இருக்கிற கிருமிகள் மாறுகின்றனவா என்று பார்ப்பதுதான் திட்டம். ஒரு வருஷம் அப்படியே விட வேண்டும்.

பதினோராவது மாதம், காலையில் நான் வேலைக்குப் போனபோது ஒரு போலீஸ் வண்டி நின்றது. ஐயா ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார். என்னையும் ஏறச் சொன்னார்கள்.

ரோந்து போன படையினர் காட்டில் புதைத்த தகரங்களைக் கண்டிருக்கிறார்கள். காட்டில் தகரம் புதைந்திருந்தால் அந்த நாளில் ஒரே அர்த்தம்தான்: அரிசி. நிலையத்து முற்றத்தில் எங்கள் தகரங்கள் குவிந்து கிடந்தன. நசுங்கியும் கவிழ்ந்தும். உள்ளே இருந்த மண்ணை எங்கேயோ கொட்டிவிட்டார்கள்.

ஐயாவை ஓர் அறையிலும் என்னை இன்னோர் அறையிலும் வைத்தார்கள். மலாய்க்கார அதிகாரி ஒருவர் என் எதிரே உட்கார்ந்தார். களைத்த முகம். அவரும் பல நாள் தூங்காதவர் போலத்தான் இருந்தார். மலாயில் கேட்டார்.

"தகரத்தில் என்ன இருந்தது?"

"மண், துவான்."

"மண்ணுக்கு அடியில்?"

"மண்."

"காட்டில் மண்ணைத் தோண்டி, தகரத்தை வைத்து, அதில் மண்ணைப் போட்டீர்களா?"

"போடவில்லை, துவான். மண் முன்னாலேயே அங்கே இருந்தது. தகரத்தை அதைச் சுற்றி இறக்கினோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "துளை எதற்கு?"

"பூஞ்சணம் போய் வர."

"துளை இல்லாதது?"

"பூஞ்சணம் போகாமலிருக்க."

அவர் பேனாவை மறுபடி எடுத்து அதை எழுதிக்கொண்டார். பிறகு எழுந்து போய் ஐயாவிடமும் அதே கேள்விகளைக் கேட்டார். அதே பதில்கள் வந்திருக்க வேண்டும். திரும்பி வந்து எனக்கு ஒரு குவளை கோப்பி கொடுக்கச் சொன்னார். எங்கள் மேலிடத்திலிருந்து கடிதம் வந்து நாங்கள் வெளியே வரும்போது பிற்பகல் மூன்று மணி ஆகிவிட்டது. போகும்போது அந்த அதிகாரி ஐயாவிடம், அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் புதையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

முற்றத்தில் ஐயா ஒரு தகரத்தைக் காலால் புரட்டிப் பார்த்தார். எனக்கு அழுகை வரவில்லை. இத்தனை நாளும் நான் அந்தக் காட்டில் மண் சுமந்து நடந்த நடையெல்லாம் காலில் ஒன்றாக ஏறியது போல இருந்தது. நான்தான் எண்ணினேன். முற்றத்தில் இருந்தது இருபது.

"இன்னும் நாலு அங்கதான் இருக்குங்கய்யா" என்றேன்.

அனுமதி கிடைத்து நாங்கள் போனபோது, விழுந்து கிடந்த ஒரு பெரிய கிளைக்குக் கீழே அந்த நான்கும் இருந்தன. இரண்டு துளையுள்ளவை, இரண்டு துளையில்லாதவை. மண்ணை எடுத்து வந்து தட்டில் வளர்த்தோம். மூன்றாம் நாள் நான் எண்ணிச் சொல்லச் சொல்ல ஐயா எழுதினார். எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. அவர் நோட்டை மூடினார்.

"சரி. முடிஞ்சுது. ஒண்டும் இல்லை."

நான் தட்டுகளைக் கழுவ எடுத்துப் போகவில்லை. அங்கேயே நின்றேன்.

"எண்ணிக்கை ஒன்னுதாங்கய்யா. ஆனா ஆளுங்க வேற."

"என்ன கதைக்கிறீர்?"

"துளையில்லாத தகரத்துல சுண்ணாம்பு மாதிரி வெள்ளையா, காஞ்சு, சுருங்குன புள்ளிங்கதான் நெறைய. மூடியத் தொறந்தா மழை பேஞ்ச மண்ணு வாசம் அடிக்குது. துளை உள்ளதுல அது அங்கொன்னும் இங்கொன்னும்தான் இருக்கு. கஞ்சி மாதிரி வழவழன்னு இருக்கறதுதான் கூட. ரம்புத்தான் மண்ணுலயும் சுண்ணாம்புதாங்க கூட. எப்பவுமே அப்படித்தான்."

"எப்பவுமே எண்டால்?"

"ரெண்டு வருசத்துக்கு மேலா."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்க எத்தனைன்னுதானே கேட்டீங்க. அதோட மொதல்ல உங்களுக்கும் தெரியும்னு நெனச்சேன். தெரியாதுன்னு பிறகுதான்…" நான் நிறுத்திக்கொண்டேன்.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். தட்டு ஒன்றை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தார். இன்னொன்றை முகர்ந்தார். கண்ணால் பார்க்க முயலவே இல்லை.

"எனக்குக் கண் தெரியுதில்லை, பிள்ளை. நடுவில ஒரு மறைப்பு. எழுத்து, புள்ளி ஒண்டும் பிடிபடாது."

"தெரியுங்கய்யா."

"எப்ப தொடக்கம்?"

"எண்ணச் சொல்லி கொஞ்ச நாள்லயே."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"யாருகிட்டங்க சொல்ல?"

அவருக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. கண் போனது தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதை அவர் சொல்லவில்லை. எனக்கே விளங்கியது.

நான்கு தகரம் போதாது என்றார். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். அதற்குள் மலாக்காவில் கெடுபிடி தளர்ந்து, சோற்றுப் பொட்டலத்தோடு காட்டுக்குப் போக முடிந்தது. புதிய இருபத்து நான்கு தகரங்கள். புதிய துளைகள். சம்மட்டி பிடிக்க லோரிக்காரருக்கும் முன்போல வேகம் இல்லை. மறுபடி ஒரு வருஷம் காத்திருந்தோம். இந்த முறை எண்ணுவதோடு, நான் ஒவ்வொரு வகைப் புள்ளியையும் வண்ணப் பென்சிலால் நோட்டில் வரைந்தேன். சுண்ணாம்பு, கஞ்சி, மஞ்சள், ஊறுகாய் எண்ணெய், தோசை. தோசை என்பது விளிம்பு முறுகி நடுவில் குழிந்திருப்பது. ஐயா அந்தப் பெயர்களுக்குப் பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எதையோ எழுதுவார். துளையில்லாத தகரங்களில் மறுபடியும் சுண்ணாம்பு ஏறியது. துளையுள்ளவற்றில் கஞ்சி. பன்னிரண்டுக்குப் பத்தில் அப்படித்தான்.

"அப்ப பூஞ்சணம்தான் வீட்டுக்காரன்" என்றார் ஐயா. "ஆர் குடியிருக்கிறது எண்டு அவன்தான் சொல்லுறான்."

அறிக்கை எழுதும்போது ஒரு தயக்கம் வந்தது. வகை பிரித்துப் பார்த்தது யார் என்று எழுத வேண்டும். ஐயா இரண்டு நாள் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்.

"உங்க பேரையே போடுங்கய்யா" என்றேன் நான். "தட்டு கழுவுறவ பாத்தான்னு எழுதுனா யாரு நம்புவாங்க? எல்லாம் வீணாப் போயிரும்."

அவர் மறுத்தார். நான் விடவில்லை. இத்தனை வருஷ உழைப்பு ஒரு வரியில் போகக் கூடாது என்ற எரிச்சல் எனக்கு. கடைசியில் தம் பெயரைப் போட்டு அனுப்பினார்.

அறிக்கையைப் படித்துவிட்டுக் கோலாலம்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்காரத் துரை வந்தார். உயரமானவர், மரியாதையானவர். தட்டுகளை நேரில் பார்க்க வேண்டும் என்றார். மேசையில் இரண்டு வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். எது எங்கே என்று காலையிலேயே ஐயாவை ஒப்பிக்க வைத்தேன். ஆனால் துரை வந்ததும் ஆர்வத்தில் நாலைந்தை எடுத்துப் பார்த்து வேறு இடத்தில் வைத்துவிட்டார்.

அவர்கள் ஆங்கிலத்தில் பேசினார்கள். ஓப்பன், குளோஸ் என்ற சொற்கள் எனக்குத் தெரியும். ஐயா 'குளோஸ்' என்று சொல்லித் துளையுள்ள தகரத்தின் தட்டை நோக்கிக் கையை நீட்டினார். நான் மேசையின் ஓரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே, தேநீர் கொண்டுவரட்டுமா என்று கேட்கிற குரலில், "எடப்பக்கங்கய்யா" என்றேன்.

அவர் கை இடது பக்கம் நகர்ந்தது. சரியான தட்டை எடுத்தது.

அடுத்ததற்கு, "இன்னும் ஒன்னு தள்ளிங்க" என்றேன். அதுவும் சரியாக வந்தது. மூன்றாவதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் துரை என் பக்கம் திரும்பினார்.

"ஏன் நிப்பாட்டுன? சொல்லு. எந்தப் பக்கம்?"

தமிழில். தோட்டத்துத் தமிழில், ஒரு எழுத்துப் பிசகாமல். பத்து வருஷம் ரப்பர் தோட்டத்தில் இருந்தவராம். அங்கே தமிழ் பேசத் தெரியாமல் துரைகள் வேலை வாங்க முடியாது. அது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? நானே அப்படிப்பட்ட தோட்டத்தில் பிறந்தவள்.

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் தம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"சொல்லும், பிள்ளை. எல்லாத்தையும் நீரே சொல்லும்."

சொன்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. சுண்ணாம்பு எது, கஞ்சி எது, வாசனை எதில் வரும், எந்த மரத்தடி எதைப் போல இருக்கும். துரை குறுக்கே கேட்டார்.

"மழக் காலத்துலயும் இப்படித்தானா?"

"மழையில கஞ்சி கூடுங்க துரை. ஆனா மூடுன தகரத்துல அவ்வளவா கூடாது."

"இந்தப் படமெல்லாம் யாரு போட்டது?"

"நான்தாங்க."

அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். என் பெயரைக் கேட்டு அதையும் எழுதிக்கொண்டார். திட்டவில்லை. போகும்போது நோட்டுகள் மூன்றையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, ஐயாவிடம் தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். ஐயா தலையாட்டினார்.

அடுத்த இரண்டு மாதத்தில் கண் பரிசோதனை, பிறகு கடிதம். நரம்பு கெட்டுவிட்டது, இனி திரும்பாது என்றார்களாம். ஐயாவை ஓய்வில் அனுப்பினார்கள். நான் பல நாள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. உங்கள் பெயரைப் போடுங்கள் என்றவள் நான். துரைக்கு முன்னால் வாயைத் திறந்தவளும் நான்.

அவர் புறப்படுவதற்கு முன் வாரம், சுவரைத் தடவிக்கொண்டே வந்து கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றார்.

"நீர் இடது எண்டு சொல்லாட்டியும் அவன் கண்டுபிடிச்சிருப்பான், பிள்ளை. நான் முதல் தட்டைத் தலைகீழாப் பிடிச்சிருந்தனான்."

அவர் தலைகீழாகப் பிடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆமாங்கய்யா என்றேன்.

"உம்மட பேர் எழுதுப்பட்டுட்டுது. அது போதும்."

கப்பலேறி யாழ்ப்பாணத்தில் தம் தங்கை வீட்டுக்குப் போனார். முதல் வருஷம் யாரையோ கொண்டு எழுதுவித்த இரண்டு கடிதங்கள் வந்தன. நோட்டுகள் என்ன ஆயின என்று இரண்டிலும் கேட்டிருந்தார். நான் அலுவலகத்தில் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது கடிதம் வரவில்லை.

மெர்டேக்கா வந்தது. ஊரெல்லாம் கொடி. என் கணவர் முதுகு வலியோடு திடல் வரை நடந்துபோய்க் கூட்டத்தில் நின்று குரல் கம்மத் திரும்பி வந்தார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அன்று கால் வீங்கியிருந்ததால் வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிற ஊர்வலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா எனக்கு ஒரு தட்டு அகார்-அகார் கொண்டுவந்து வைத்துவிட்டு, இது மனிதர்களுக்கு என்றார்.

துரை நாடு திரும்பிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். நோட்டுகளைக் கையோடு கொண்டுபோனாரா, எங்கேயாவது அலமாரியில் போட்டுவிட்டாரா, தெரியாது. அவர் நல்ல மனிதராகத்தான் எனக்குப் பட்டார். நல்ல மனிதர்களிடமும் நோட்டுகள் தொலைகின்றன.

மண் ஆய்வு அறையைப் படிவங்கள் வைக்கும் கிடங்காக்கினார்கள். என்னை வேறு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே எழுத்து வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஓர் இளம் கிராணி என் மாற்றல் தாளை நிரப்பினார். தமிழர்தான்.

"முன்ன அங்க என்னா வேலக்கா செஞ்சீங்க?"

யோசித்தேன். "தட்டு கழுவுறது. பிறகு எண்ணுறது. வகை பாத்து படம் போடுறது."

"என்னாத்த எண்ணுனீங்க?"

"பாக்டீரியா."

அவர் சிரித்தார், கேலியாக இல்லை. தாளைத் திருப்பிக் காட்டினார். "இங்க ஒன்னுதான் எழுத எடம் இருக்கு."

"கழுவுறதுன்னே போடுங்க" என்றேன்.

போட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். இருபத்தெட்டுப் பேருக்குத் தேநீர் போட வேண்டும். நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, சமையலுக்கு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன்.